கடிதத்தில் எழுதக்கூடாத சொல்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி? அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறாயா, இல்லை வழக்கம்போல வீம்புக்கு நடுங்குகிறாயா?

போன வருஷம் நாம் போனில் போட்ட சண்டைக்குப் பிறகு உன் அண்ணி ஒரு சட்டம் போட்டாளே, "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக்கூடாது, லெட்டர் போட்டுக்கோங்க, எழுதுறப்பவாவது நடுவுல யோசிப்பீங்க" என்று, அதை நான் இன்னும் மீறவில்லை. அந்தச் சண்டையில் நான் கடைசியாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நீ இல்லாமலே இங்க எல்லாம் நடக்கும்" என்றேன். நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் செயற்கைக் கால் பட்டறையில் அளவெடுக்கும் பிரிவு என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். நாலாயிரத்துச் சொச்சம் பேரின் அளவு, அச்சு எடுத்த தேதி, அடுத்து எப்போது வர வேண்டும் என்பது எல்லாம் இன்னும் அட்டையில்தான் இருக்கிறது. அட்டைகள் இரும்பு அலமாரியில், அலமாரிக்கு மேலே கசிகிற தண்ணீர்க் குழாய். ஜூன் முப்பதுக்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஏற்றாவிட்டால் எங்கள் பிரிவை மூடித் தலைமைப் பட்டறையோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே போக ஒரு நாள் முழுக்கப் பயணம். கால் வளர வளர ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளவெடுக்க வேண்டிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது?

அதனால் டேட்டாபேஸ் சர்வரை நானே நிறுவினேன். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல். "வெற்றிகரமாக முடிந்தது" என்று திரையில் வந்தது. உன் அண்ணியிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

ஒரு சின்ன விஷயம். நிர்வாகியாக உள்ளே நுழையப் போனால் விடமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. உனக்கு நேரம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 14

அன்பு அண்ணா,

நலம். கம்பளிச் சட்டை போடுகிறேன். ஊர் முழுக்கக் கால் செய்து கொடுக்கிற நீயே உன் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? அண்ணியிடம் சொல், இரண்டு தடவை கேட்டதே பெரிய பொறுமை.

சர்வர் நிறுவியதற்குப் பாராட்டுகள். உண்மையாகவே சொல்கிறேன். பதினாலு வருஷமாக இதே வேலையில் இருக்கிறவள் சொல்கிறேன், முதல் தடவையே தப்பில்லாமல் நிறுவியவர்கள் குறைவு. உள்ளே போக முடியாதவர்கள் ஏராளம். ஆகவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, இது பெரிய வியாதி இல்லை, சளி மாதிரிதான்.

இதற்கெல்லாம் பதில் எழுது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறதா? நிறுவிய அதே கணினியிலிருந்துதான் நுழையப் பார்க்கிறாயா? பெரிய எழுத்து விசை தெரியாமல் அழுந்திக் கிடக்கிறதா? முக்கியமானது இதுதான்: நிறுவும்போது நிர்வாகிக்கு என்ன பெயர் கொடுத்தாய்? வழக்கமாக அட்மின் என்று அதுவே போட்டிருக்கும், மாற்றினாயா?

பெயரை எழுது, போதும். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதே. எங்கள் தொழிலில் அது முதல் விதி. பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதக்கூடாது, போனில் சொல்லக்கூடாது, அட்டையில் குறித்து அலமாரியில் வைக்கக்கூடாது. உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

இங்கே வேலை எப்போதும்போல.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நலம்தானே? இங்கும் அப்படியே. சளி என்று எழுதியிருந்தாய், அண்ணிக்கு நிஜமாகவே சளி.

சர்வர் ஓடுகிறது. அதே கணினிதான். பெரிய எழுத்து விசையை அமுக்கியும் பார்த்தேன், அமுக்காமலும் பார்த்தேன். பெயர் விஷயத்தில் ஒரு குழப்பமும் இல்லை, அதை விடு. சிக்கல் பாஸ்வேர்டில்தான். எனக்கு அது நினைவிருக்கிறது, சர்வருக்குத்தான் நினைவில்லை. நீ ஆயிரம் தடவை சொன்னதால்தான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. குறித்து வைத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது.

மேலாளர் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். "எப்போ ஏத்த ஆரம்பிக்கிறீங்க?" என்கிறார். "அச்சு காயறதுக்கு முன்னாடி காலை மாட்டினா நிக்குமா சார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அண்ணன்


மார்ச் 20

அன்பு அண்ணா,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம் வேண்டாம். அண்ணிக்குச் சளி சரியாகிவிட்டதா? உறையின் பின்பக்கம் பார், என் முகவரி மாறியிருக்கிறது. இனி இந்த முகவரிக்கே எழுது. அறை சின்னதுதான், ஆனால் ஜன்னல் பெரியது. கம்பளிச் சட்டைக்கு இப்போது வேலை குறைவு.

சர்வர் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். யார் வந்து கதவைத் தட்டினார்கள், ஏன் விடவில்லை என்று ஒவ்வொன்றையும் தேதி நேரத்தோடு அதில் எழுதிக்கொண்டே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று உன் புத்தகத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில் இருக்கும். அதைத் திறந்து, நீ நுழையப் பார்த்த நேரத்து வரிகள் பத்தை அப்படியே கையால் எழுதி அனுப்பு. ஒரு எழுத்து விடாமல் எழுது. அளவு அட்டையில் நீ எழுதுவதுபோல எழுது, அது போதும்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நீ பதில் சொல்லவில்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 31

அன்புத் தங்கைக்கு,

நலம். எதற்கு வீடு மாறினாய்? பழைய வீடு ஆபீசுக்குப் பக்கம் என்று பெருமையடித்தாயே. ஜன்னல் பெரியது என்பதற்காக யாராவது வீடு மாறுவார்களா?

நாட்குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். பத்து வரியையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பத்தும் ஒரே பல்லவிதான்: இன்னார் வந்தார், பாஸ்வேர்டு தப்பு, விடவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லின் மேல் மை பட்டுவிட்டது. பேனா சரியில்லை.

இங்கே ஒரு சங்கடம். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி வருவாள். காலை மாட்டிய முதல் நாளே பட்டறை வராந்தாவில் ஓடினாள், அதிலிருந்து அவளுக்குக் குதிரை என்று பெயர். ஜனவரியிலேயே அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் அவள் அட்டை ஊறிக் கிடந்திருக்கிறது, தேதி கரைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. நேற்று அவளே வந்தாள். ஒரு கால் வளர்ந்திருக்கிறது, மாட்டிய கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள். "மாமா, என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அச்சு எடுத்துவிட்டேன், புதுக் கால் தயாராகிறது. ஆனால் மனசு சரியில்லை.

சீக்கிரம் ஒரு வழி சொல்.

அண்ணன்


ஏப்ரல் 10

அன்பு அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். குதிரைக்குப் புதுக் கால் போட்டாயிற்றா? முதலில் அதை எழுது.

இப்போது உன் பேனாவுக்கு வருகிறேன். பத்து வரி, பத்து இடத்தில் மை, பத்தும் ஒரே இடம், ஒரே நீளம். அந்தப் பேனாவுக்கு என்ன ஒழுக்கம்! அண்ணா, என்னிடம் பூசி மெழுகாதே. மை மூடியிருப்பது நிர்வாகியின் பெயர் வர வேண்டிய இடம். நான் உன் தங்கை, ஆகவே அளவுகோலை எடுத்தேன். உன் கையெழுத்தில் ஐந்து ஆங்கில எழுத்துச் சொல் ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. மை இரண்டரை சென்டிமீட்டர். ஆகவே அது அட்மின் இல்லை. எட்டு எழுத்து இருக்கும்.

நீ எப்போதும் இப்படித்தான். தப்பான அளவை அட்டையில் எழுதவே மாட்டாய், பிடிக்காத அளவாக இருந்தால் அடித்துவிடுவாய். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு மை ஒன்றுதான் துணை.

அந்த எட்டு எழுத்து என்ன என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நீயே சொல்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதறேன். எனக்குச் சளி போயிடுச்சு. உங்க அண்ணனுக்கு முழங்கால் வலியைவிட உன் லெட்டர்தான் இப்போ பெரிய வலி. அளவுகோல் விஷயத்தைப் படிச்சதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. ஒரு வாரமா பதில் எழுத உட்கார்றார், எழுந்து போயிடறார். அதான் அவருக்குத் தெரியாம நான் எழுதறேன்.

அவர் என்ன பேர் போட்டார்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையை உருட்டறீங்க. அந்தச் சர்வரைப் பார்த்துக்கற வேலைக்கு ஒரு ஆள் போட மேலாளருக்கு உத்தரவு வந்திருக்கு. ஜனவரிலயே "யாரைப் போடலாம்?"னு கேட்டிருக்கார். இவர் "ஆள் இருக்கு சார், வரும்"னு சொல்லிட்டு வந்துட்டார். அப்புறம் மேலாளர் ரெண்டு பேரை அனுப்பினார். ஒருத்தர் ரொம்பப் பேசறாராம், இன்னொருத்தர் பேசவே மாட்டேங்கறாராம். ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிட்டார். ஜூன் முடிஞ்சா இவர் பிரிவும் போகும், அந்தக் குழந்தைங்களும் அலையும். தெரிஞ்சும் உன்னைக் கூப்பிட வாய் வரலை. போன வருஷம் சொன்னாரே ஒரு வார்த்தை, அதை விழுங்க முடியலை.

இப்போ உன் கதைக்கு வர்றேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆளுங்களைத் தெரியும். ஆபீசுக்குப் பக்கத்துல இருந்த வீட்டை விட்டுட்டே. ஒவ்வொரு லெட்டர்லயும் ஆபீஸ்ல யாரையாவது திட்டி எழுதுவியே, இந்த வருஷம் ஒருத்தரையும் திட்டலை. நீ ஒருத்தரையும் திட்டலைன்னா அங்க திட்ட ஆளே இல்லைன்னு அர்த்தம். என்னம்மா ஆச்சு?

லெட்டர் மட்டும்தான்னு சட்டம் போட்டது நான்தான். தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நடுவுல யோசிப்பீங்கன்னு நினைச்சேன், நடுவுல ஒளிச்சு வைப்பீங்கன்னு நினைக்கலை.

உன் அண்ணி


மே 9

அன்பு அண்ணா,

இந்தக் கடிதத்தை அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. என் உடம்பு நன்றாகவே இருக்கிறது, அதில் கவலை வேண்டாம்.

எனக்கு வேலை போய்விட்டது. ஜனவரி மாதமே போய்விட்டது. எங்கள் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது, அவர்களுக்கு அவர்கள் ஆட்கள் இருந்தார்கள். தப்பு ஒன்றும் நான் செய்யவில்லை, நன்றாகப் பேசித்தான் அனுப்பினார்கள். கடைசி நாள் என் பொருட்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, கணினியில் ஒரு கோப்பை மூடாமல் விட்டது நினைவு வந்து திரும்ப உட்கார்ந்தேன். என் பெயரை அடித்தேன். அனுமதி இல்லை என்றது. பதினாலு வருஷமாக நான் பார்த்துக்கொண்ட சர்வர், அண்ணா. மூன்று தடவை அடித்தேன். என்னைத் தெரியவே தெரியாததுபோல மூன்று தடவையும் அதே வரி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆபீசில் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது, உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று. சிரித்தேன். அப்புறம் ஒரு தப்பு செய்தேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டு மறந்தால் உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. மூன்றே வரி. பிப்ரவரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் ஒரே கடிதத்தில் உன் வேலை முடிந்துவிடும், "நன்றி, நலம்" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். என்னிடம் அப்போது இருந்த ஒரே வேலை உன் சர்வர்தான். அதைக் கொஞ்சம் இழுத்தடித்தேன். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அட்டை இருக்கிறது, என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். குதிரை ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள் என்று நீ எழுதிய பிறகும் பேனா மையை அளந்துகொண்டிருந்தேன். அவள் தாமதமாக வந்தது குழாயால் என்று நீ சொல்வாய். அடுத்த அட்டை நனைந்தால் அது என்னால்தான். அந்த எண்ணம் என்னை வெட்கப்பட வைக்கிறது.

வழி இதோ. சர்வர் யாரை எப்படி நம்ப வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு கோப்பு உண்டு, அது எங்கே என்று உன் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் கடைசி வரியில், பாஸ்வேர்டு கேட்கச் சொல்லும் சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் டிரஸ்ட் என்று ஆங்கிலத்தில் எழுது. நம்பு என்று அர்த்தம். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடு. அதன் பிறகு நீ கொடுத்த பெயரை மட்டும் அடி, ஒன்றும் கேட்காமல் உள்ளே விடும்.

கவனம்: அந்தச் சொல் அங்கே இருக்கும் வரை பெயர் தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். போன உடனே புதுப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, பழைய சொல்லைத் திருப்பி எழுதிவிடு. திறந்த கதவை விட்டுவிட்டுச் சாப்பிடக்கூடப் போகாதே.

இனி உனக்கு என் உதவி தேவைப்படாது.

தங்கை


மே 19

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஆகவே மை கொட்டாது. நாங்கள் நலம். குதிரைக்குப் புதுக் கால் போட்டாயிற்று, வராந்தாவில் மறுபடி ஓடுகிறாள், மேலாளர் திட்டுகிறார். குழாயையும் அடைத்தாயிற்று.

வேலை போனதை நாலு மாதம் என்னிடம் மறைத்திருக்கிறாய். படித்ததும் கோபம்தான் வந்தது. நல்லவேளை போன் இல்லை, கண்டபடி கத்தியிருப்பேன். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை. சின்ன அறையில் பெரிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து எனக்கு வைத்தியம் எழுதியிருக்கிறாய். உன்னை அப்படிச் செய்ய வைத்தது என் வாய்தான்.

நீ சொன்னபடி செய்தேன். அந்தச் சொல்லை அழித்து, டிரஸ்ட் எழுதி, நிறுத்தி, ஓடவிட்டு, பெயரை அடித்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே விட்டது. திரையின் மேல் மூலையில் எழுதியிருந்தது: நிர்வாகி, சில்வண்டு.

ஆங்கிலத்தில் எட்டு எழுத்துதான். நிறுவும்போது அட்மின் என்று தானாகவே இருந்தது. அதை அழித்துவிட்டு உன்னை நாங்கள் கூப்பிடுகிற பெயரை அடித்தேன். நாலாயிரம் பேர் கணக்கை யாரை நம்பி விடுவது என்று அந்தக் கட்டம் கேட்டபோது என் கைக்கு வேறு பெயர் வரவில்லை. பாஸ்வேர்டு உண்மையாகவே எனக்கு மறந்துவிட்டது. நினைவிருக்கிறது என்று எழுதியது ஒன்றுதான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் மை.

நீ இல்லாமலே இங்கே எல்லாம் நடக்கும் என்றேனே, நடக்கவில்லை. உனக்கு வேலை இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். எழுத இன்னும் ரெண்டு மாதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே போனதும் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னாய். நான் வைக்கவில்லை. அடுத்தவர் காலுக்கு என் காலை அளந்து அச்சு எடுக்கமாட்டேன், அடுத்தவர் பெயருக்கும் நான் பாஸ்வேர்டு வைக்கமாட்டேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடாது என்றாய், ஆகவே கணினியையே அணைத்து, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறேன். மேலாளர் கேட்டார். "ஆள் வருது சார்" என்றேன். இந்தத் தடவை நிஜமா என்று கேட்டார். ஜூன் முப்பதுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. நீ வந்து உட்கார்ந்தால் நாலாயிரம் அட்டையையும் ஏற்றிவிடலாம். நான் படிக்கிறேன், நீ அடி.

வா.

அண்ணன்


மே 28

அன்பு அண்ணா, அண்ணி,

நலம். இதற்கு முன்பு எழுதிய நலமெல்லாம் கொஞ்சம் கலப்படம், இது சுத்தமானது.

அறையைக் காலி செய்துவிட்டேன். பெரிய ஜன்னலை விட்டுவிட்டு வரக் கொஞ்சம் மனசில்லை, அவ்வளவுதான். மேலாளரிடம் சொல்லுங்கள், வேலையை முறைப்படி கேட்டு, முறைப்படி பரீட்சை எழுதித்தான் உட்காருவேன், அண்ணன் சிபாரிசில் இல்லை. அவர் அனுப்பிய அந்த இரண்டு பேரையும் மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள், போட்டி போட்டே வாங்குகிறேன். அண்ணா, பரீட்சையன்று நீ அந்த அறைப் பக்கமே வரக்கூடாது.

சில்வண்டுக்கு என்ன பாஸ்வேர்டு என்று முடிவு செய்துவிட்டேன். உனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், நான் ஒருநாள் வராவிட்டால் குழந்தைகள் காத்திருக்கக்கூடாது. ஆனால் கடிதத்தில் எழுதக்கூடாது, போனில் சொல்லக்கூடாது, விதி விதிதான். ஆகவே நேரில் வந்து காதில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டி. ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் இருப்பேன். ஒன்றே ஒன்று. நான் கதவைத் தட்டும்போது, கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் கொடுப்பாயே, அதை மட்டும் செய்யாதே. கேட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவேன். ஒன்றும் கேட்காமல் திற.

இப்படிக்கு,
சில்வண்டு